உலகம் அம்பாத்துரையில் இறங்கிய கதை

(காந்திகிராமத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"கல்வியில் உலகக் குடிமையும் கீழை மரபுகளும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு தலைப்பு கிடைத்துவிட்டால் பேச்சாளருக்கு வேலை சுலபம். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம், நான் உலகத்துக் குடிமகன் என்று பதில் சொன்ன கிரேக்கத்து டயோஜெனிஸில் தொடங்கலாம். 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதிய ஜெர்மனியின் காண்ட் பக்கம் ஒரு நடை போய்வரலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் நம் கணியன் பூங்குன்றனார் இதையெல்லாம் அப்போதே சொல்லிவிட்டார் என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

அந்தப் பேச்சை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உலகம் என்றால் மேற்கு, மரபு என்றால் நாம் என்ற கணக்கு. உலகத்தை நோக்கிப் போகிறவன் மரபை விட வேண்டும், மரபைப் பிடித்துக்கொள்கிறவன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று அது நம்மை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுகிறது. பூங்குன்றனாரைக் கடைசியில் இழுத்துவருவதும் அந்தக் கணக்கை நேர் செய்யத்தான்: உங்களுக்கு ஒரு டயோஜெனிஸ் இருந்தால் எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார் பார் என்று.

1994இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மார்த்தா நுஸ்பாம் உலகக் குடிமைக் கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேலைப் பல்கலைக்கழகங்களில் இந்த விவாதத்தை மறுபடி கிளப்பிவிட்டது அந்தக் கட்டுரைதான். அது எங்கே தொடங்குகிறது தெரியுமா? தாகூர் 1916இல் வங்காளத்தில் வெளியிட்ட 'கரே பாயிரே' நாவலில். ஆகவே யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற வழக்கை இங்கே நடத்த வேண்டாம். இந்த வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வழக்கை நடத்துவது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் 1947இல் இந்த நிறுவனம் எப்படி எழுந்தது, யார் யார் எங்கெங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தாலே நம் தலைப்புக்கு வேண்டியது பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

இந்த நிறுவனத்தை எழுப்பியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளி. படித்தது வங்காளத்தில், சாந்திநிகேதனில். 1924இல், அப்போது அவருக்கு இருபது வயது, டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பை முடித்து மெலிந்திருந்த காந்தியிடம் அவரை அழைத்துப்போனவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். பையன் அங்கே கைகட்டி நிற்கவில்லை. கலையைப் பற்றிக் கேட்டான், அழகைப் பற்றிக் கேட்டான். பிறகு, நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டான். காந்தி யோசித்துப் பதில் சொன்னார். இயந்திரத்தின் மேல் உள்ள வெறிதான் தமக்கு ஆகாது என்றார். விலக்காக ஒன்றைக் காட்டினார்: சிங்கர் தையல் இயந்திரம். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைப் பார்த்து, அன்பினால் ஒருவர் உருவாக்கிய கருவி என்பது அவர் சொன்ன காரணம். ராமச்சந்திரன் விடவில்லை. சரி, சிங்கர் இயந்திரம் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய இயந்திரங்கள் வேண்டுமே என்று மடக்கினார். ஆமாம், வேண்டும்தான், அப்படிப்பட்ட ஆலைகள் நாட்டுடைமையாக இருக்கட்டும் என்று காந்தி ஒப்புக்கொண்டார். காந்தியின் செயலர் மகாதேவ தேசாய் இந்த உரையாடலைக் குறிப்பெடுத்து 'யங் இந்தியா'வில் வெளியிட்டார்.

இந்தக் காட்சியில் எது கிழக்கு, எது மேற்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அமெரிக்கத் தையல் இயந்திரம், இங்கிலாந்துப் பாதிரியார், வங்காளக் கல்வி, குஜராத்திப் பெரியவர், மலையாளி மாணவன். நான் கவனிப்பது வேறொன்றை. பட்டினி கிடந்து எழுந்த ஒரு பெரியவரிடம் இருபது வயதுப் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்கலாம், அவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கிறது. நம் வகுப்பறைகளில் இன்றைக்கும் அது அபூர்வம். இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் உங்களில் ஒருவன்தான்.

ராமச்சந்திரன் படித்த, தாகூரின் சாந்திநிகேதனுக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1919 தொடக்கத்தில் தாகூர் தென்னாட்டுக்கு வந்தார். சென்னை அடையாற்றில் இந்தியப் பண்பாட்டு மையம் பற்றி ஓர் உரை ஆற்றினார். சாந்திநிகேதனில் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகம் 1921இல் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே அதன் திட்டம் அந்த உரையில் இருக்கிறது. வைதிகம், புராணம், பௌத்தம், சமணம், இஸ்லாம், சீக்கியம், பார்சி மரபு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க வேண்டும், கூடவே ஐரோப்பியக் கல்வியும் இருக்க வேண்டும் என்கிறார். அடுத்து அவர் சொன்னதுதான் நமக்கு முக்கியம். பல்கலைக்கழகம் என்றால் அது பக்கத்துக் கிராமங்களோடு சேர்ந்து உழ வேண்டும், மாடு வளர்க்க வேண்டும், ஊரின் பொருளாதாரத்தில் கலந்திருக்க வேண்டும் என்றார். 1922இல் இதற்காகவே சுருலில் ஸ்ரீநிகேதன் தொடங்கியது. அதை நடத்த அமெரிக்காவின் கார்னெலில் வேளாண்மை படித்த லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற இங்கிலாந்துக்காரர் வந்தார். பின்னாளில் அவரும் அவர் மனைவியும் இங்கிலாந்தில் டார்டிங்டன் என்ற இடத்தில் ஒரு பள்ளியையும் கிராமப் பணியையும் தொடங்கினார்கள். வங்காளத்துச் சுருல் கிராமத்தில் கற்றதை டெவன் மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

காந்தியின் பக்கம் வந்தால் 1937 வார்தா மாநாடு. கைத்தொழில் வழியே பாடம் நடத்தும் ஆதாரக் கல்வி அங்கேதான் பிறந்தது. பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவர் ஜாகிர் உசேன், பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சேவாகிராமத்தில் அந்தக் கல்வியை நடத்திக் காட்டியவர் ஆரியநாயகம். யாழ்ப்பாணத்துத் தமிழர். சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்து, 1930இல் தாகூர் ரஷ்யா போனபோது உடன் போனவர். இராட்டையில் நூற்கிற பிள்ளைக்குக் கணக்கும் நிலநூலும் எப்படிச் சொல்லித்தரலாம் என்று பாடம் வகுத்ததில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் பங்கு இத்தனை பெரியது. தமிழர் பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை.

இது கிழக்கத்தியக் கல்வியா, உலகக் கல்வியா? தாகூருக்கே இதில் முழு உடன்பாடு இல்லை. பிள்ளையின் ஆளுமை வளர்ச்சியைவிடப் பொருட்பயன் முன்னால் வந்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். கீழை மரபு என்று ஒற்றைக் குரல் ஒன்று எங்கேயும் இருந்ததில்லை. தாகூரும் காந்தியும் இருபது ஆண்டு சண்டை போட்டிருக்கிறார்கள், மரியாதை குறையாமல்.

சண்டை என்றதும், இந்த மண்ணில் நடந்த பெரிய சண்டையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளில் ஒரு வேளை பள்ளிக்கு வந்தால் போதும், மிச்ச நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

ஆதாரக் கல்விக்காரர்கள் சிலர், எங்கள் கல்வி வேறு, அது வேறு என்று விளக்கிப் பார்த்தார்கள். வேறுதான். வார்தா முறையில் தொழிலைத் தேர்ந்தெடுப்பது பள்ளி. எந்தச் சாதிப் பிள்ளையானாலும் நூற்க வேண்டும், எல்லாரும் கழிப்பறையைக் கழுவ வேண்டும். 1953 திட்டத்தில் தொழிலைத் தேர்ந்தெடுப்பது பிறப்பு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பு, வக்கீல் மகன் வக்கீல். கைத்தொழில், ஊர் மரபு, பெற்றோரின் அறிவு, இவையெல்லாம் இரண்டுக்கும் பொது. உள்ளே ஓடுவது நேர் எதிர். ஆகவே 'நம் மரபைக் கல்வியில் கொண்டுவருவோம்' என்று யாராவது சொன்னால், எந்த மரபை என்று கேட்கும் உரிமையை இந்த நாட்டுப் பிள்ளைகள் சம்பாதித்திருக்கிறார்கள். அன்று எதிர்த்தவர்கள் மரபை அறியாமல் எதிர்க்கவில்லை. மரபை அடிபட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

இப்போது இரண்டு வாசகங்களுக்கு வருகிறேன். இரண்டையும் நாம் சுவரில் மாட்டிவைத்திருக்கிறோம், இரண்டையும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். ஒன்று, பூங்குன்றனார் பாடிய புறநானூற்றின் 192ஆம் பாட்டு. முதலடி பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் இருக்கிறது. 2019இல் பிரதமர் அதை ஐ.நா. பொதுச்சபை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். பாட்டு அங்கே முடியவில்லையே. நன்மை தீமை, சாவு வாழ்வு என்று போய், பெரியவர்களைப் பார்த்து மலைப்பதும் கிடையாது, சிறியவர்களை மட்டமாக நினைப்பது அதைவிடவும் கிடையாது என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இன்னொன்று, வீட்டுச் சன்னல்களைத் திறந்துவைப்பது பற்றி 1921 ஜூனில் காந்தி எழுதியது. ஆங்கிலக் கல்வி பற்றித் தாகூரோடு நடந்த வாதத்தில் எழுதியது அது. எல்லா நாட்டுக் காற்றும் வரட்டும், என் கால் பெயராமல் இருந்தால் சரி என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதே பத்தியில் சற்றுத் தள்ளி, தம் சமயம் சிறைச்சாலை இல்லை, படைப்பில் ஆகக் கடையருக்கும் அதில் இடம் உண்டு என்று எழுதுகிறார். அந்த வரியை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரும் உலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, சிறியவரிடம் வந்து முடிக்கிறார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உலகம் முழுதும் என் ஊர் என்று சொல்வது எளிது, உலகம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காரப் போவதில்லை. என் ஊரில் யார் உள்ளே வரலாம் என்பதில்தான் வண்டவாளம் தெரியும். ஒரு கல்விக்கூடம் உலகத்தோடு எத்தனை ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், தன் வாசலில் யாரை நிறுத்திவைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

நம் இலக்கியத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது, அதில் கொஞ்சம் நேரம் தங்க விரும்புகிறேன். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆவது காதை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் போய் ஒவ்வொருவராக, உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள் என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி. இத்தனை பேரையும் பொறுமையாகக் கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன் என்கிற பூதவாதியிடம் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. உன் தாய் தந்தை இன்னார் என்பதை ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். எல்லாச் சமயத்தையும் கேட்டுவிட்டுத்தான், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவணரிடம் தன் வழியை எடுத்துக்கொள்கிறாள்.

ஒப்பீட்டுச் சமயக் கல்வி மேலைநாட்டார் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் இந்தக் காதையைப் படிக்கலாம். காப்பியத்தை எழுதிய சாத்தனார் பௌத்தர், முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டுதான் மற்றவர்களைப் பேசவிடுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பேசவிடுகிறார். நம் பாடநூல்களில் எத்தனை அந்த அளவுக்காவது போகின்றன?

இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது, நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். மணிமேகலை அங்கே மணிமேகலையாகப் போகவில்லை, மாதவன் ஒருவனின் உருவத்தில் போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் எந்த ஆசானும் பொருள் சொல்லித்தர மாட்டான் என்று முன்பே அவளுக்குத் தெய்வம் சொல்லி, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் கொடுத்திருக்கிறது. பத்துச் சமயத்துக்கும் இடம் கொடுத்த சபை ஒரு பெண்ணுக்கு இடம் கொடுக்கவில்லை. அதைச் சாத்தனார் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் மரபின் விரிவும் அதன் பூட்டும் ஒரே காதையில் இருக்கின்றன. திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ராமச்சந்திரனோடு சேர்ந்து இந்த நிறுவனத்தை எழுப்பிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்க்கையை நான் இந்தக் காதையோடு சேர்த்துப் படிக்கிறேன். டி.வி. சுந்தரம் ஐயங்கார் வீட்டுப் பெண். சிறுவயதில் கல்யாணம், இளவயதில் விதவை. அந்தக் குடும்பத்தில், அந்தக் காலத்தில், அதோடு ஒரு பெண்ணின் கதை முடிந்திருக்க வேண்டும். அவர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1936இல் மருத்துவராக வெளியே வந்தார். வேற்றுரு எதுவும் எடுக்காமல் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது வீட்டார் சம்மதிக்கவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து பாருங்கள் என்றார் காந்தி. பிரிந்திருந்தார்கள். மனம் மாறவில்லை. 1940இல் காந்தியின் முன்னிலையில் திருமணம். விதவை மறுமணம், சாதி விட்டுச் சாதி, மொழி விட்டு மொழி.

மரபை உடைத்த அந்த அம்மையார் மரபைக் குப்பையில் போடவில்லை. மேலை மருத்துவம் படித்த அவர் சின்னாளபட்டியில் சின்னதாகத் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. அதே காந்திகிராமத்தில் சித்த, ஆயுர்வேத மருந்துகளும் தயாராகின்றன. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கு அவரிடம் கிழக்கு மேற்கு என்ற அளவுகோல் இருந்ததாகத் தெரியவில்லை. பிரசவத்தில் ஒரு தாய் சாகக் கூடாது என்பது போன்ற அளவுகோல்தான் இருந்திருக்க வேண்டும். 1962இல் இதே திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார்.

அவர் திறந்த வாசலில் வந்தவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். பட்டிவீரன்பட்டிப் பக்கம் அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாள். சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டதாரியானார். பூமிதான இயக்கத்தில் நடந்து, 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்குப் போய், 1981இல் 'லாப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார். 2008இல் சுவீடனில் அவர்களுக்கு விருது கொடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். உலகம் அவரைக் கண்டுகொள்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஊரில் ஒருவர் அவரை உள்ளே விட்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து இங்கே வந்தவர்கள் பலர், எல்லாரையும் சொல்ல நேரமில்லை. ஒருவரை மட்டும் விட முடியாது. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான், அமெரிக்க மிஷனரி. 1925இல் மதுரைப் பக்கம் வந்தார். காந்தியின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸை வீட்டில் தங்கவைத்ததால் 1930இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார். 1944இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பிறகு மறுபடி வந்து இங்கும் ஒட்டன்சத்திரம், வத்தலகுண்டுப் பக்கமும் கதர் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். சொல்லித்தர வந்தவர், கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங்கும் மனைவி கொரெட்டாவும் இந்தியாவுக்கு வந்தபோது காந்திகிராமத்துக்கும் வந்தார்கள். அந்தத் தென்பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் நடந்ததை அவரே பின்னாளில், 1965இல், தம் சபையில் சொன்னார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. டாக்டர் பட்டம் வாங்கியவர், பிரதமரோடு விருந்துண்டவர். பிறகு தம் நாட்டில் சேரியில் அடைபட்டிருக்கும் இரண்டு கோடிக் கறுப்பினத்தாரை நினைத்தார். ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். உலகக் குடிமை பற்றி ஆயிரம் பக்கம் படித்தாலும் கிடைக்காத பாடத்தை, பெயர் பதியாத ஒரு தலைமையாசிரியர் ஒரே வாக்கியத்தில் நடத்திவிட்டார். அதைச் சொல்ல அவர் டயோஜெனிஸிடமும் போகவில்லை, புறநானூற்றிடமும் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

இனி நம் காலம். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான இந்த இடத்தில் இன்றைக்கும் சர்வ சமய வழிபாடு இருக்கிறது, சாந்தி சேனை இருக்கிறது, மாணவர்கள் ஊர்களில் தங்கி வரும் முகாம் இருக்கிறது. இவை சடங்காகிவிட்டனவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், விருந்தாளி சொல்வது மரியாதையில்லை. எனக்கு ஒன்றுதான் கண்ணில் படுகிறது. திண்டுக்கல்லைச் சுற்றி, வேடசந்தூர்ப் பக்கம், நூல் மில்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தாகூர் ரஷ்யாவுக்குப் போன மாதிரி, கெய்தான் மதுரைக்கு வந்த மாதிரி, அவர்களும் ஊர் கடந்து வந்தவர்கள்தான். நாம் அவர்களை உலகக் குடிமக்கள் என்று சொல்வதில்லை. வடக்கன் என்கிறோம். டீக்கடையிலும் பேருந்திலும் அந்தச் சொல் எப்படி உச்சரிக்கப்படுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனைக்கும் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி பேசும் சௌராஷ்டிரரும் தேவாங்கரும் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் வட்டாரம் இது. அவர்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தான்.

அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று தமிழ் தெரியாமல் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால், அந்த ஆசிரியைக்கு உதவ நம்மிடம் என்ன இருக்கிறது? பாடப் புத்தகம் இருக்கிறதா, ஒடியா தெரிந்த ஒருவர் இருக்கிறாரா, அந்தப் பிள்ளையின் தாலாட்டும் கதையும் வகுப்பறைக்குள் வர ஒரு மணி நேரம் இருக்கிறதா? ஆதாரக் கல்வியின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இதற்கு ஒரு பாடத்திட்டம் எழுதலாம். ஆரியநாயகம் தக்ளியை வைத்து எழுதினார். நமக்கு மில் நூல் இருக்கிறது.

அடுத்த முகாமுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். வழக்கமான ஊர்களோடு வேடசந்தூர்ச் சாலையில் மில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றையும் பட்டியலில் சேர்க்க முடியுமா பாருங்கள். உள்ளே விட மில்காரர்கள் யோசிப்பார்கள், அதனால் இப்போதே எழுதிக் கேட்பது நல்லது. வெளிமாநில மாணவர்கள் விடுதியில் இருக்கிறார்கள், அவர்களை முதல் ஆளாகப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.